அந்தச் சாறி என்ன நிறம்?

இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சியில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை செய்கிறேன். கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீஸ், கடைப் பெயர்ப்பலகை, பாடசாலை மலர், இறந்தவர் நினைவாக அடிக்கும் கல்வெட்டுப் புத்தகம் எல்லாம் என் மேசைக்கு வரும். பின்னேரங்களில் வீட்டில் துணிக்கான டிசைன் கீறுகிறேன். தையல் செய்யும் அக்கா ஒருவர் அதைத் தலையணை உறைக்கும் சின்னப் பிள்ளைகளின் சட்டைக்கும் எடுத்துக்கொள்கிறார். இந்த வேலை பழக வரும் தங்கச்சிமார் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "அக்கா, ஐடியா எங்கயிருந்து எடுக்கிறனீங்கள்?" கேட்கும்போதே போனில் படம் தேடும் பின்ரறெஸ்ற் தளம் திறந்திருக்கும்.

பின்ரறெஸ்ற் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. நானும் பார்க்கிறேன். எழுத்துகளை எப்படி அடுக்குகிறார்கள், எவ்வளவு இடத்தை வெறுமையாக விடுகிறார்கள் என்பதெல்லாம் அங்கே நன்றாகப் படிக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்து அலங்காரம் என்று தேடினால் ராஜஸ்தான் யானையும் காஷ்மீர் மாங்காய்க் கொடியும்தான் வருகின்றன. வன்னி வராது. முரசுமோட்டை வயல்காரர் தலையில் சுற்றியிருக்கும் துவாயின் கோடு வராது. அதை யாரும் கீறவில்லை, படமெடுத்துப் போடவில்லை. பிறகு எப்படி வரும்?

எங்களுக்கு இது மற்ற ஊர்க்காரரைவிடக் கூடுதலாகவே முக்கியம் என்று நினைக்கிறேன். வேறு இடங்களில் டிசைன் செய்கிறவர்கள் அம்மம்மாவின் அலுமாரியைத் திறந்தால் பழைய சாறி இருக்கும், அல்பம் இருக்கும், பூப்போட்ட தகரப் பெட்டி இருக்கும். அதிலிருந்து தொடங்கலாம். வன்னியில் பெரும்பாலான வீடுகளில் அந்த அலுமாரியே இல்லை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வந்த சனம். எடுத்துப் பார்க்கப் பழைய பொருள் இல்லாத ஊரில், இன்று கண்ணில் படுவதைக் கீறி வைக்காவிட்டால் நாளைக்கு எதுவுமே இருக்காது. அதனால்தான் எப்போதும் ஒரு சீ.ஆர். கொப்பியோடு திரிகிறேன். படம் கீறுவேன், பக்கத்தில் நிறத்தை எழுதுவேன், இடத்தையும் மாதத்தையும் குறிப்பேன்.

நிறத்துக்காக எங்கேயும் தேடி அலைய வேண்டியதில்லை. காலபோகத்தில் வயல் ஒரே பச்சை என்று தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் சொல்வார்கள். நாற்றுப் பச்சை வேறு, குடலைப் பருவத்துப் பச்சை வேறு, கதிர் சாயும்போது மஞ்சளோடு கலந்து நிற்கும் பச்சை வேறு. கார்த்திகை மாதம் பற்றைகளில் ஏறிப் பூக்கும் கார்த்திகைப்பூ இன்னும் ஒரு படி மேலே. ஒரே பூ முதலில் பச்சையாக இருந்து, பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகி, கடைசியில் முழுச் சிவப்பாகிவிடும். இதழின் ஓரம் அலையலையாக இருக்கும். இலையின் நுனி சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். அந்தச் சுருளை மட்டும் வைத்தே ஒரு சாறிக் கரை முழுவதையும் கீறலாம். நான் கீறியிருக்கிறேன்.

ஆனால் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது பனையோலையில் இழைக்கும் கடகப் பெட்டிதான். விசுவமடுப் பக்கம் ஓலைவேலை செய்யும் ஓர் ஆச்சி இருக்கிறார். அவருடைய திண்ணையில் இருந்து ஒரு கடகத்தை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிக் கீறிக்கொண்டிருந்தேன்.

"என்ன பிள்ளை, அதை ஏன் மினக்கெட்டுக் கீறுறாய்? விருப்பமெண்டால் கொண்டு போவன்."

"கொண்டுதான் போவன் ஆச்சி. அதுக்கு முதல் இந்தச் சிவப்பு ஓலை எங்க தொடங்கி எங்க முடியுதெண்டு பாக்கவேணும்."

"அது முடியாது. சுத்தி வரும்."

கடகத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அடி சதுரம், வாய் வட்டம். சார்வோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, வேண்டியதைச் சாயத் தண்ணீரில் அவித்து எடுத்துவிட்டு, அடியின் நடுவிலிருந்து இழைக்கத் தொடங்குகிறார்கள். ஓலை நேராகப் போவதில்லை, சரிவாகப் போகிறது. அதனால் அடியில் நான்கு மூலை வருகிறது. மேலே இழைக்க இழைக்க மூலை கரைந்து, விளிம்பில் நார் வைத்துக் கட்டும்போது வட்டமாகிவிடுகிறது. சாயம் போட்ட ஓலை இடையில் எங்கேயும் நிற்க முடியாது. சரிந்து ஏறிக் கடகத்தைச் சுற்றிப் போகும். எதிர்ப்பக்கமாக இன்னொரு நிற ஓலை வந்து குறுக்கிடும் இடத்தில் ஒரு டைமன் விழும். அந்த டைமனை யாரும் தனியாகக் கொண்டுவந்து வைக்கவில்லை. இரண்டு ஓலைகள் தங்கள் பாட்டில் போகும் வழியில் அது உண்டாகிறது.

இதை விளங்கிக்கொண்ட பிறகு நான் கல்யாணக் கார்டு செய்யும் முறையே மாறிவிட்டது. அச்சகங்களில் வழக்கமாக ஒரு பூவை எடுத்து நான்கு மூலையிலும் ஒட்டுவோம், நடுவில் பிள்ளையார், கீழே குத்துவிளக்கு. இப்போது நான் கார்டின் ஓரத்தில் இரண்டு நிறக் கோடுகளை ஓடவிடுகிறேன். எங்கேயும் நிற்காமல், மூலையில் மடங்கி, மடித்த கார்டின் பின்பக்கத்துக்கும் போய்த் திரும்பி வரவேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட விதி. கோடுகள் சந்திக்கும் இடத்தில் மட்டும்தான் அலங்காரம். பொம்பிளை வீட்டுக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இது எங்கட ஊர்க் கார்டு மாதிரி இருக்கு" என்றார். கடகத்தைப் பற்றி அவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை.

விடியற்காலையில் முற்றம் கூட்டிய பிறகு மணலில் விளக்குமாறு விட்டுப்போகும் வளைவுகளும் என் கொப்பியில் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் கூட்டுகிறவரின் கை எட்டும் தூரத்தைப் பொறுத்து அந்த வளைவு மாறும். பிள்ளைகளின் சட்டைத் துணிக்கு அது நல்ல அச்சு.

சாதாரணமாகக் கண்ணில் படுவதிலிருந்து பெரிய வேலை பிறந்த கதைகள் உலகம் முழுக்க இருக்கின்றன. இங்கிலாந்தின் வில்லியம் மோரிஸ் 1883இல் செய்த 'ஸ்ட்ரோபெரித் திருடன்' என்ற துணி டிசைன் இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. கெல்ம்ஸ்கொட்டில் இருந்த அவருடைய வீட்டுத் தோட்டத்தில் பாடும் பறவைகள் வந்து ஸ்ட்ரோபெரிப் பழங்களைத் திருடித் தின்னும். அதுதான் அந்த டிசைன். அவுரி நீலத்தில் தோய்த்த துணியில் வேண்டிய இடத்தில் மட்டும் நிறத்தை வெளுத்து எடுத்துவிட்டு, அங்கே சிவப்பையும் மஞ்சளையும் அச்சிட்டார்கள். மிகவும் மெதுவான, செலவு கூடிய வேலை. அதைப் பற்றி வாசித்த அன்று எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்கள் கச்சான் தோட்டம். காலையில் மயில்கள் கூட்டமாக இறங்கிக் கச்சானைக் கிளறும். அப்பா தகரத்தில் தட்டி விரட்டுவார். மோரிஸின் பறவையைக் கொப்பியடிக்க எனக்கு என்ன தேவை? எங்கள் வீட்டுக்கே கள்ளன் வருகிறான். மயில் டிசைன் என்றால் எல்லோரும் தோகையை விரிக்க விடுவார்கள். நான் கீறுவது குனிந்து மண்ணைக் கிளறும் மயில். தோகை மடிந்து பின்னால் நீண்டு கிடக்கும், பக்கத்தில் வேரோடு வந்த கச்சான் செடி. குனிந்த கழுத்தின் வளைவும் கச்சான் கோதின் இடுப்பு வளைவும் ஒன்றோடொன்று பொருந்தி வருவது கீறும்போதுதான் தெரிந்தது.

நம் நாட்டிலேயே பார்க்கலாம். 1979இல் வந்த நாணயத்தாள் தொடரை வரைந்தவர் லக்கி சேனநாயக்க. இலங்கையின் பறவைகளும் விலங்குகளும் பூக்களும் அந்தத் தாள்களில் இருந்தன. இப்போது பரவலாகப் புழங்கும் தொடரிலும் ஒவ்வொரு தாளின் முன்பக்கத்திலும் ஒரு பறவையும் ஒரு வண்ணத்துப்பூச்சியும் இருக்கின்றன. இருபது ரூபாய்த்தாளில் இருக்கும் சின்ன ஆந்தை, 2004இல்தான் தனி இனம் என்று அறிவியலில் பதிவானது. பழக வரும் தங்கச்சிமாரிடம் நான் முதலில் எடுக்கச் சொல்வது அவர்களுடைய பேர்ஸில் இருக்கும் காசைத்தான். கோடு எவ்வளவு மெல்லியது, நிழலை எப்படிக் கோட்டாலேயே கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்வேன். பார்பரா சன்சோனி என்ற பெயரையும் சொல்வேன். 1928இல் பிறந்து 2022இல் மறைந்தவர். கைத்தறித் துணியில் வெறும் நிறப் பட்டைகளை அடுக்கியே ஒரு மொழியை உண்டாக்கினார். பூவும் இல்லை, கொடியும் இல்லை, நிறத்துக்குப் பக்கத்தில் நிறம், அவ்வளவுதான். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதைச் சுற்றுப்புறத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் பழகினார்.

படம் என்றால் அழகாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் ஊரில் வேறொரு பாடமும் இருக்கிறது. மிதிவெடிப் பலகை. சிவப்பு நிலத்தில் வெள்ளை மண்டையோடு. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் தூரத்திலேயே விளங்க வேண்டும், மழையிலும் மங்கலிலும் விளங்க வேண்டும். அதில் தேவையில்லாத ஒரு கோடு இல்லை. மீளக்குடியேறிய காலத்தில் பாடசாலைகளில் மிதிவெடி பற்றிச் சொல்லித்தர ஒட்டிய படங்களைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். எதைத் தொடக் கூடாது, எந்த ஒழுங்கையால் போகக் கூடாது என்று அந்தப் படங்கள் சொல்லின. யார் கீறினார்கள் என்று அவற்றில் பெயர் இருந்ததில்லை. எனக்கு அவர்கள்தான் முதல் ஓவிய ஆசிரியர்கள். இன்றைக்கும் ஒரு நோட்டீஸ் செய்து முடித்தால், தள்ளி நின்று, வாசிக்காமல் பார்த்து விளங்குகிறதா என்றுதான் சோதிக்கிறேன்.

சரி, உடுப்புக்கு வருவோம். எனக்கு எல்லாவற்றிலும் விருப்பமானது அதுதான்.

நியூயோர்க்கில் பில் கன்னிங்ஹாம் என்று ஒரு படப்பிடிப்பாளர் இருந்தார். 2016இல் காலமானார். நீலநிறத் தொழிலாளர் மேற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, சைக்கிளில் திரிந்து, தெருவில் போகிறவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று நியூயோர்க் ரைம்ஸுக்காகப் பல பத்தாண்டுகள் படமெடுத்தார். சைக்கிளும் தெருவும் எங்களிடமும் இருக்கின்றன. பரந்தன் சந்தியில் காலை ஆறரைக்கு நின்று பாருங்கள். ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள், வேலைக்குத்தானே போகிறோம் என்று எதையாவது போட்டுக்கொண்டு வருவதில்லை. பஞ்சாபியின் சோல் எந்தப் பக்கம் விழவேண்டும் என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு முடிவு இருக்கிறது. முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகும் அக்காமார் அந்தப் பாரமான கவசத்துக்கு மேலே முகத்தை மூடும் தடுப்பைப் போட முதல், தலைமுடியை இறுக்கிப் பின்னிச் சுருட்டிக் கட்டும் விதம் தனி. வயலுக்குப் போகும் மாமிமார் பாவாடைக்கு மேலே புருசனின் முழுக்கைச் சேட்டைப் போட்டு, கொலரை நிமிர்த்தி, அதற்கு மேலே துவாய் கட்டுகிறார்கள். வெயிலுக்காகச் செய்வதுதான். ஆனாலும் அந்தத் தோள் அளவும் கை மடிப்பும் சேரும் விதத்தைப் பெரிய நகரத்து மேடைகளில் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வைகாசியில் வன்னி முழுக்கத் திரளும். கடல்நீரில் விளக்கெரியும் கோயில் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கும்பிட்டுவிட்டு ஓரமாக இருந்து சாறிகளைக் கீறுவேன். எந்த வயதுக்காரர் எந்த நிறம், கரை எவ்வளவு அகலம், பிளவுஸின் கை எதுவரை, பட்டா நைலெக்ஸா. அந்தக் கொப்பியில் பக்கம் பக்கமாக நிறப் பென்சிலால் சின்னச் சின்னச் சதுரங்கள் தீட்டி வைத்திருக்கிறேன்.

சாறி என்றால் இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. கடைசிச் சண்டைக் காலத்தில் பங்கருக்கு மண்மூட்டை அடுக்க உரப்பை கிடைக்காமல் போனபோது, சனம் சாறிகளை வெட்டிப் பை தைத்தது. கூறைச்சேலையையும் வெட்டினார்கள். தையல் மெஷினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு இடத்துக்கு இடம் நகர்ந்தவர்கள் இருந்தார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை. அம்மா மெஷினை மிதிக்க, சரிகைக் கரையைத் தனியே கிழித்துப் பையின் வாய் கட்டும் கயிறாக்கியது நினைவிருக்கிறது. சரிகை இலேசில் அறாது என்பார் அம்மா. பிறகு முள்ளிவாய்க்கால் மணலில் கிடந்த அந்தப் பைகளின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரோஸ், மஞ்சள், வாடாமல்லி.

இதை ஒரு டிசைனாக்கிப் பையிலோ சட்டையிலோ அச்சிட்டு விற்கலாமே என்று வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கேட்டார். செய்யமாட்டேன் என்றேன். அந்தத் துணிகளை நான் கீறியிருக்கிறேன். நிறம் எழுதி வைத்திருக்கிறேன். தைத்தவர்களிடம் கேட்டு எந்தப் பக்கம் எப்படித் தைத்தார்கள் என்றும் குறித்து வைத்திருக்கிறேன். அது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. விற்பதற்கு வன்னியில் வேறு எவ்வளவோ வடிவான பொருட்கள் இருக்கின்றன.

இந்தக் கொப்பிகள் எதற்குப் பயன்படுகின்றன என்றால், கல்வெட்டுக்கும் திவசக் கார்டுக்கும். முப்பத்தோராம் நாள் கல்வெட்டு அடிக்க வருகிறவர்கள் படம் கொண்டு வருவார்கள். 2009இல் போனவர்களுக்கு வருசா வருசம் நினைவு அட்டை அடிக்க வருகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரே ஒரு படம்தான் இருக்கும். அடையாள அட்டைப் படம், நகமளவு, கறுப்பு வெள்ளை, லமினேற் தேய்ந்தது. அதைப் பெரிதாக்கினால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. படக்கடைகளிலும் அச்சகங்களிலும் இதற்கென்றே கணினியில் உடம்புகள் தயாராக இருக்கும். ஆண் என்றால் கோட் சூட் ரை, பெண் என்றால் பட்டுச்சாறி, நகை. தலையை வெட்டி அதில் ஒட்டிவிடுவார்கள். வாழ்நாள் முழுக்கச் சாரமும் சேட்டுமாகத் திரிந்த மனிதர், சுவரில் மாலைக்குள்ளே யாரோ ஒருவரின் கோட்டோடு இருப்பார். அதைச் செய்து கொடுப்பவர்கள் மரியாதைக்காகத்தான் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. நான் அந்தப் படங்களைக் கையால் கீறிக் கொடுக்கத் தொடங்கியது அதனால்தான்.

ஒரு தம்பியும் அவருடைய பெரியம்மாவும் வந்தார்கள். அம்மாவின் அடையாள அட்டைப் படம். "அக்கா, இதுக்கு ஒரு நல்ல சாறி போட்டுத் தாங்கோ" என்றார் தம்பி.

"போடலாம் தம்பி. அம்மா வழமையா என்ன மாதிரிச் சாறி கட்டுறவ?"

அவர் யோசித்தார். "பச்சை. ஒரு பச்சைச் சாறி இருந்தது."

"பச்சையில்லையடா," என்றார் பெரியம்மா. "மயில்கழுத்து நிறம். வெயிலுக்க பாத்தா நீலமாத் தெரியும். அதைக் கட்டிக்கொண்டுதானே பொங்கலுக்கு வந்தவள்."

"கரை?"

"கரை மெரூன். சின்னக் கரை. பெரிய கரை அவளுக்குப் பிடிக்காது, உயரம் குறைவெண்டு."

வற்றாப்பளைக் கொப்பியை எடுத்து விரித்தேன். நீலமும் பச்சையும் கலந்த சதுரங்கள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. பெரியம்மா ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தார். இதில்லை, இது கூடிப்போச்சு, இது அவளின்ர இல்லை, இது சரோவின்ர சாறி. கடைசியில் ஒன்றில் விரலை வைத்துவிட்டு எடுக்கவில்லை. தம்பியும் குனிந்து பார்த்துவிட்டு, "ஓம்" என்றார். பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். பிளவுஸ் வேறு நிறம், மெரூன்கூட இல்லை, கொஞ்சம் வெளிறினது, தோளில் ஒரு ஊசி எப்போதும் குத்தியிருப்பா. வந்தபோது அவருக்கு நினைவிருந்தது பச்சை மட்டும்தான்.

அந்தப் படத்தைச் சட்டை ஊசியோடுதான் கீறினேன்.

இது நடந்த பிறகு என் கொப்பியில் நான் குறிக்கும் விசயங்கள் கூடியிருக்கின்றன. ஊசி, கூந்தல் கிளிப், செருப்பு வார், கைக்குட்டையை இடுப்பில் செருகும் இடம். ஆண்களின் சேட்டுப் பொக்கற்றில் என்ன இருக்கிறது என்பதும். ஆனால் என் கொப்பியில் இருப்பது இப்போதைய வன்னி. முந்திய வன்னி எப்படி உடுத்தியது என்பதற்கு எனக்குக் கிடைக்கும் படங்கள் மிகக் குறைவு. இங்கே இல்லாத படங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கடிதத்தோடு சேர்த்து லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் அனுப்பிய பிறந்தநாள் படம், சாமத்தியவீட்டுப் படம், புது வீட்டுக்கு முன்னால் குடும்பமாக நின்று எடுத்த படம்.

அவை உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்று செய்யுங்கள். போனில் படமெடுத்து வைப்பது நல்லது, ஆனால் போதாது. பழைய கலர்ப் படங்களில் நீலச்சாயம் முதலில் மங்கிப்போவது வழக்கம், படம் முழுக்கச் சிவந்துவிடும். பச்சைச் சாறி மண்நிறமாகத் தெரியும். ஆகவே படத்தை வீட்டிலிருக்கும் அம்மம்மாவிடமோ பெரியம்மாவிடமோ காட்டி, சாறி உண்மையில் என்ன நிறம், எங்கே வாங்கியது, பிளவுஸ் யார் தைத்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, படத்தோடு வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள். படத்தின் பின்பக்கத்தில் பேனையால் எழுதினால் மை முன்பக்கத்துக்கு ஊறிவிடலாம்.